மெதுவாகப் பேசியவர்

பாரிஸின் ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வேலை செய்யும் பயண முகவர் நிலையத்துக்கு, புறநகரான சார்செலில் இருந்து ஒருவர் வந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. அவர் பேசினால் மேசைக்கு மேலால் குனிந்துதான் கேட்கவேண்டும். அவ்வளவு மெதுவான குரல்.

துருக்கிக்குப் போகும் உல்லாசக் கப்பலில் அவருக்கு இடம் பதிந்தேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பார்க்க, எல்லோரும் விரும்பும் பழைய இடிபாடுகளைச் சொன்னேன்.

“வேண்டாம் தம்பி. கரையோரக் கிராமங்களுக்குப் போற பஸ்தான் வேணும்.”

“அங்கை வள்ளங்களும் வெள்ளை வீடுகளும்தான் அண்ணை இருக்கு.”

“ஓம். அதிலை ஒரு வீட்டிலைதான், பிரான்சுக்குக் களவாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்களை மாதக்கணக்கா பூட்டி வைச்சிருந்தவன். சத்தம் கேட்டால் பொலிஸ் வரும் எண்டு குசுகுசுத்தே பழகிப்போச்சு. அந்தத் தெருவிலை நிண்டு நான் பெலத்துக் கதைக்கவேணும்.”

அதையும் குனிந்துதான் கேட்டேன்.

கப்பல் புறப்பட்ட கிழமையில், கடையில் சனம் நிறைந்திருந்த ஒரு மத்தியானம், என் போன் அடித்தது.

“தம்பி! தெருவிலை நிண்டு கதைக்கிறன்! கேக்குதோ?”

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“கேக்குது அண்ணை. இன்னும் பெலத்துக் கதையுங்கோ.”