பின் இடது பெடல்

எங்கள் இரட்டைச் சைக்கிளின் பின் இடது பெடலில், நீலக் கரை போட்ட கைக்குட்டை ஒன்று வளையமாகக் கட்டிக் கிடக்கிறது. கரையின் நிறம் போய்விட்டது. முடிச்சு மட்டும் இறுகியே இருக்கிறது. சைக்கிளைத் துடைக்கும் நாட்களில் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

பள்ளி ஆசிரியையான என் மனைவியும் குமாஸ்தாவான நானும் ஒரே ஆண்டில் ஓய்வுபெற்றோம். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் சைக்கிளில் ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை தீரவில்லை. கோரிப்பாளையத்து மெக்கானிக் ஒருவர் இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி, ஒன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தார். "சார், பள்ளம் மேடு வந்தா நீங்கதான் சத்தம் குடுக்கணும். அக்காவுக்கு உங்க முதுகுதான் ரோடு" என்றார். இரண்டு ஜோடிப் பெடல்களும் சங்கிலியால் பிணைந்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் கூடவே சுற்றும்.

தை மாதத்துச் சனிக்கிழமை, காலை 5.40க்குத் திருப்பரங்குன்றத்தில் கிளம்பினோம். சோழவந்தானில் அவளுடைய சித்தி மகள் வீட்டில் இரவு தங்குவதாக ஏற்பாடு. நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தால், நின்ற இடத்திலெல்லாம் நேரம் குறித்துக்கொண்டேன். "பள்ளம்" என்பேன்; "ம்" என்பாள். வெற்றிலைக் கொடிக்காலில் நின்ற ஒருத்தி, "என்னக்கா, இன்னிக்குத்தான் கல்யாணமா?" என்று கூவினாள். "ஆமா, வெத்தல குடுக்காம நிக்கிறியே!" என்று இவள் திருப்பிக் கூவினாள்.

மறுநாள் திரும்பும்போது வண்டி கனத்தது. "மிதிக்கிறியா, சும்மா உக்காந்து வாரியா?" என்றேன்.

"சாமி என்ன, சப்பரத்தை மிதிச்சுக்கிட்டா வருது? இழுங்க."

சிரித்துக்கொண்டே இழுத்தேன். சமயநல்லூரில் டீ வாங்கி வருவதற்குள், கைக்குட்டையைப் பெடலில் வளையமாகக் கட்டி அதில் இடது காலை நுழைத்திருந்தாள். கேட்டதற்கு, "செருப்பு வழுக்குதுங்க. அம்புட்டுத்தான்" என்றாள். அதையும் 8.20 என்று நேரம் போட்டு எழுதினேன்.

பங்குனியில் அடுக்களையில் விழுந்தாள். கால் தசைகளைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் என்றார்கள். "எப்ப ஆரம்பிச்சது?" என்று மருத்துவர் கேட்டார். விழுந்த நாளையும் மணியையும் நான் தடுமாறாமல் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் பழைய பக்கங்களைப் புரட்டியபோது அந்த 8.20 கண்ணில் பட்டது. நோட்டை அவள் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு அதை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"அது நாம சைக்கிள்ல போன நாளுங்க. அதைப் போயி டாக்டர் சீட்டுல ஏத்தணுமா?"

நான் ஏற்றவில்லை. அவள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனைக் கோப்பில் இன்றும் பங்குனிதான் இருக்கிறது. எழுதியதில் தவறென்று தெரிந்தும் நான் திருத்தாமல் விட்ட தேதி அது ஒன்றுதான். தையிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று மருத்துவரிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

துடைப்பதற்காக வீட்டுக்குள்ளிருந்து சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளினால், நான்கு பெடல்களும் பின்னோக்கிச் சுற்றுகின்றன. வெளுத்த வளையம் மேலே வந்து கீழே போகிறது. வாசற்படியில் சக்கரம் இறங்கும்முன் "பள்ளம்" என்கிறேன். சொல்லிவிட்டுச் சற்று நிற்கிறேன்.