உப்புக் குறைந்த போத்தல்

தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக ஒரு மாதம்போல வவுனியாவில் நின்றுவிட்டுத் தர்மபுரத்து வீட்டுக்குத் திரும்பினேன். என் கணவர் பையை இறக்கி வைக்கவும் விடவில்லை.

"குசினிக்கு வாரும், ஒரு சாமான் காட்டுறன்."

தேநீரைத் தவிர வேறெதையும் அடுப்பில் வைத்தறியாத மனிதர். வளவில் நின்ற தேசி, எலுமிச்சை மரம், அந்த முறை காய்த்துக் கொட்டியிருக்கிறது. வீணாக விட மனமில்லாமல் இரண்டு போத்தல் ஊறுகாய் போட்டிருந்தார்.

முதற்போத்தலின் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. மேலே பச்சையும் கறுப்புமாய்ப் பஞ்சுபோலப் பூஞ்சணம். ஈரச் சாக்கின் மணம்.

"மேலால வழிச்சு எறிஞ்சால் சரிதானே?"

"இல்லையப்பா, உள்ளுக்கையும் இறங்கியிருக்கும். ஒரு துண்டும் வாயில வைக்கேலாது."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப மற்றதையும் கொட்டுவம். அதிலயும் வெள்ளையாக் கிடக்கு" என்று அடுத்த போத்தலைத் தூக்கினார்.

"பொறுங்கோ." காய்ந்த கரண்டியால் அந்த வெள்ளையில் கொஞ்சம் எடுத்து விரலிடையில் தேய்த்தேன். நறநறத்தது. தண்ணீரில் போட்டதும் கரைந்தது. ஊறுகாயிலும் நல்ல புளி மணம். "இது உப்புப் பூத்திருக்கு. பழுதில்லை."

ஒரே மரத்துக் காய், ஒரே நாளில் போட்டது. ஏன் ஒன்று மட்டும் கெட்டது?

"காயைத் துடைச்சனீங்களோ?"

"ஓம். வெயிலிலயும் வைச்சனான்."

"உப்பு?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். "அது உமக்கெண்டு போட்டது. பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவைதானே. அதான் அரைவாசி போட்டனான். மற்றது எனக்கு."

கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போகும்போதெல்லாம் ஒரு மூலையில் ஃபோனை நோண்டிக்கொண்டு இருப்பார். டொக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. உப்புக் குறைந்தால் ஊறுகாய் தாங்காது என்பதைக் கொஞ்ச நேரம் கழித்தே சொன்னேன்.

கெட்டதைக் கோழிகள் கிளறாதபடி கிடங்கு வெட்டிப் புதைத்தோம். போத்தலை நன்றாகச் சுடுநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தன் போத்தலில் இருந்து ஒரு துண்டை எடுத்தார். அதிலும் பாதியைக் கிள்ளி என் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"உமக்கு இவ்வளவும் காணும்."