கத்திரி வெயிலை நம்பி ஆல்ப்ஸுக்குப் போனேன்

1977-ஆம் வருஷம் நடந்தது இது. மெல்பர்னில் கோபர்க் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் இன்ஜினியர், நான் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். ஊரில் எட்டு வருஷம், மெல்பர்னில் நாலு வருஷம், ஆகப் பன்னிரண்டு வருஷம் ஆல்ப்ஸ் மலையைப் பாடம் நடத்தியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவேன். ஆனால் நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் ஊரில் கோபுரத்துக்கு அடுத்தபடி உயரமானது வைக்கோல்போர்தான்.

ஆல்ப்ஸில் ஒரு கணவாய் இருக்கிறது. அதன் உச்சியில் ஒரே மழை இரண்டாகப் பிரியும். இந்தப் பக்கம் விழுந்த தண்ணீர் வடகடலுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுந்தது இத்தாலி வழியாக ஏட்ரியாடிக் கடலுக்குப் போகும். வருஷா வருஷம் நான் ஆசை ஆசையாய் நடத்தும் பாடம் அதுதான். ஒரு நாள் முன்பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, "மிஸ், நீங்க அங்கே நின்னு பார்த்திருக்கீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், அந்தக் கணவாயில் ஒரு தடவையாவது கால் வைக்காமல் இந்தப் பாடத்தை இனிமேல் நடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் எங்கள் முதல் ஐரோப்பியப் பயணம் முடிவாயிற்று. மொத்தம் ஐந்து வாரம். மே மாதப் பள்ளி விடுமுறை இரண்டு வாரம், மேற்கொண்டு சம்பளமில்லாத லீவு மூன்று வாரம். முதலில் ஆல்ப்ஸ், பிறகு கணவாயைத் தாண்டி இத்தாலி. திட்டம் முழுக்க என் கையில். ஆறு மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடம் கிடையாது, மேப்புதான் விரித்திருக்கும். ரவிக்கை தைக்க வைத்திருந்த பச்சை நூலை எடுத்து, மேப்பில் சாலை வளைகிற இடமெல்லாம் வளைத்து வைத்துத் தூரம் கணக்குப் போட்டேன். எந்த நாள் எந்த ஊர், எத்தனை மணிக்கு எந்த ரயில், எல்லாவற்றையும் பெரிய சார்ட்டில் எழுதினேன். ஒன்பதாம் நாள், பஸ்ஸில் கணவாய். அதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

மே மாதம் என்றால் மெல்பர்னில் குளிர் தொடங்கிவிடும். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கம்பளிக் கோட்டு எடுத்து வைத்துக்கொள் என்றார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. பூமியின் மேல்பாதியில் பருவம் தலைகீழ் ஆயிற்றே, இதுகூடத் தெரியாதா இவர்களுக்கு என்று. அதுவரைக்கும் நான் நினைத்தது சரிதான். ஆனால் தஞ்சாவூர்க்காரிக்கு மே மாதக் கோடை என்றால் கத்திரி வெயில். ஆஸ்திரேலியாவிலிருந்து மனசைத் திருப்பியவள் ஐரோப்பாவில் நிறுத்தவில்லை, நேராகத் தஞ்சாவூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். பெட்டியில் எட்டு மெல்லிய வாயில் புடவைகளை அடுக்கினேன். ஒரே ஒரு கம்பளிச் சட்டை, அதுவும் விமானத்தில் போட்டுக்கொள்ள.

அடுத்த வீட்டில் ஓர் இத்தாலியக் குடும்பம். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், துணி ஃபாக்டரியில் தையல் வேலை. வேலிக்கு மேலே தக்காளி தருவாள், நான் முறுக்கு தருவேன். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சமையலறைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். தரை சில்லென்று இருக்கிறதே, போட்டுக்கொண்டு வாயேன் என்று அவள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். பழக்க தோஷம், எனக்குக் கால் கேட்காது.

ஒரு நாள் பெருமையாக அந்த சார்ட்டையும் மேப்பையும் நூலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் விரல் நேராகப் போய்ச் சிவப்பு மையில் நின்றது. "மே மாசமா? ரோடு மூடியிருக்கும். பனி" என்றாள். தன் அண்ணன் அந்த மலைக்குத் தெற்கே இருக்கும் கிராமத்தில், ரோட்டில் பனி அள்ளுகிற கும்பலில்தான் வேலை செய்கிறான் என்றும் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் மேஜையிலிருந்தே ஓர் ஆரஞ்சையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து, ஆரஞ்சு சூரியன், எலுமிச்சை பூமி என்று வைத்துக்கொண்டு, அந்த மலையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோடைகாலம் ஏன் வருகிறது என்று பாடம் நடத்தினேன்! அவள் பத்து வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான். முழுப் பாடத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ பனியைத் தொட்டிருக்கியா?"

ஃபிரிஜ்ஜில் தொட்டிருக்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்த வேகத்தில் நூலை அங்கேயே விட்டுவிட்டேன். கேட்டு வாங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று தடவை போனபோதும் அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

கணவர் மட்டும் மெதுவாக, "அந்தம்மா அங்கேயே பொறந்தவங்க. ஒரு வார்த்தை விசாரிச்சுப் பாரேன்" என்றார்.

"பூகோளம் படிச்சது நானா, அவங்களா?" என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

கிளம்பும் நாளன்று டாக்சி வந்து நின்றபோது அவள் வேலியோரம் ஓடிவந்து ஒரு கவரைக் கொடுத்தாள். மேலே அண்ணனின் ஊரும் பேரும் இருந்தன. மரியாதைக்கு வாங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டேன்.

முதல் எட்டு நாளும் ஏரிக்கரை ஊர்களில் கழிந்தன. வெயில் அடித்தது, பூக்கள் பூத்திருந்தன, ஆனாலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. தூரத்துச் சிகரங்களில் வெள்ளை தெரிந்தது. அது வருஷம் முழுக்க இருப்பதுதான், புத்தகத்திலேயே இருக்கிறது என்று கணவருக்கு விளக்கம் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் காலை, மலையடிவார ஸ்டேஷனில் கணவாய்க்கு இரண்டு பஸ் டிக்கெட் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் என் புடவையைப் பார்த்தார், காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். "ஜூன்" என்றார். அவ்வளவுதான். சாலை திறக்க இன்னும் நாலு வாரம் ஆகுமாம். அதுவரை தங்க எங்களுக்கு லீவும் இல்லை, வசதியும் இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சொன்னேனே என்று கணவர் குத்திக்காட்டவில்லை.

"அந்த லெட்டர் எங்க வெச்சே?" என்று மட்டும் கேட்டார்.

மலைக்கு அடியில் சுரங்கம் வழியாக ரயில் போகிறது. அதில் ஏறினோம். கால் மணி நேரம் ஒரே இருட்டு. எந்த உச்சியில் நிற்க வேண்டும் என்று அத்தனை வருஷம் கனவு கண்டேனோ, அதற்கு அடியில் எலி மாதிரி போய்க்கொண்டிருந்தேன். தெற்குப் பக்கம் இறங்கி, கவரில் இருந்த பேரைக் காட்டிக் கேட்டதும் ரோட்டு வேலைக்காரர்களின் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள்.

உள்ளேயிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். அதே மூக்கு, அதே சிரிப்பு. அவள் அண்ணன்தான், சந்தேகமே இல்லை. கவரைக்கூடப் பிரிக்காமல் உள்ளே போய் ஒரு ஜோடி சின்ன பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். யாரோ ஒரு பெண்ணுடையது, நன்றாகத் தேய்த்துத் துடைத்திருந்தது. காலை விட்டேன். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. எப்படி என்று நான் விழித்ததைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்.

என் பச்சை நூல். இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முடிச்சு.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. சமையலறைப் படியில் நான் கழற்றிவிட்ட செருப்பை, நான் விட்டுவிட்டு வந்த நூலாலேயே அளந்து, முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருக்கிறாள். சார்ட்டில் பார்த்த தேதியையும் ஞாபகமாக எழுதியிருக்கிறாள்.

கணவருக்கு அவர் தன்னுடைய பழைய பூட்ஸையே கொடுத்தார். எனக்குப் புடவைக்கு மேல் தன் கோட்டை மாட்டிவிட்டார். பிறகு இருவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மலைமேல் போனார். வளைவுக்கு வளைவு இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் எழும்பிக்கொண்டே வந்தது. முதலில் முழங்கால் உயரம், பிறகு ஆள் உயரம், கடைசியில் லாரியைவிட இரண்டு மடங்கு. சாலை ஒரு பெரிய பனிச்சுவரில் முட்டி முடிந்தது. அதற்கு மேல் இனிமேல்தான் அள்ள வேண்டும். உச்சி இன்னும் மேலே என்று கை காட்டினார். எஞ்சினை அணைத்தார்.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கீழே இறங்கிச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். இதையா சாக்பீஸால் நாலு கோடு போட்டு முடித்துக்கொண்டிருந்தேன்? சுவரில் என் தோள் உயரத்தில் மங்கலான பழுப்புக் கோடு ஒன்று நீளமாக ஓடியது. அவள் அண்ணன் அதைத் தொட்டு என் விரலில் கொஞ்சம் தடவினார். மெல்லிய மண். "ஆஃப்ரிகா" என்றார். உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிக் காட்டினார். பாலைவன மணல் காற்றிலேயே கடல் தாண்டி வந்து அங்கே படிந்திருந்தது! சஹாரா ஏழாம் பாடம், ஆல்ப்ஸ் ஒன்பதாம் பாடம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கோ பனிக்கு அடியில் தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. அது எந்தக் கடலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. கணவர் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

இத்தாலியில் மூன்று வாரம் எத்தனையோ பார்த்தோம். எல்லாம் அழகுதான். ஊர் திரும்பியதும் முதல் காரியமாக அடுத்த வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல் செருப்பைப் படியில் விட்டுவிட்டு உள்ளே போய் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். நூலோடு அண்ணனுக்கு அனுப்பிய கடிதத்தில் என்னதான் எழுதியிருந்தாய் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "டீச்சருக்கு நம்ம மலையைப் பத்தி எல்லாம் தெரியும், குளிரும்னு மட்டும் தெரியாது. பார்த்துச் சிரிச்சுடாதேன்னு எழுதினேன்" என்றாள்.

உச்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. வகுப்பில் அந்தப் பெண்ணிடம், பாதி வழிதான் போனேன், தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். இப்போதும் யாரிடமாவது எனக்குத் தெரியாததா என்று வாயைத் திறக்கப் போனால், அந்த பூட்ஸின் கதகதப்பு என் காலுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது, சட்டென்று நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவரைப் பேசவிடுகிறேன்.