சிவப்பு மாத்திரையும் தைப்பூச விரதமும்

என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்தபோது நாங்கள் மலேசியாவில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். அவர் துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டுக்குள் தூள் அடைத்த ஒரு சிவப்பு மாத்திரையும் சில வெள்ளை மாத்திரைகளும் கொடுத்து, ஒரு வேளையும் தவறாமல் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார்கள். சிவப்பு மாத்திரை வியர்வையின் நிறத்தையே மாற்றிவிடும். அவருடைய வெள்ளை பனியனில் அக்குள் பக்கம் படியும் செம்மஞ்சள் கறை எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. திட்டிக்கொண்டேதான் துவைப்பேன்.

இரண்டு மூன்று மாதங்களில் இருமல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகத் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டியிருந்தார். உறுமிச் சத்தம் கேட்டாலே இருப்புக்கொள்ளாத மனுஷன். தை பிறக்கும் முன்பே விரதத்தைத் தொடங்கிவிட்டார்.

விரதம் தொடங்கிய சில நாட்களில் பனியனில் புதிதாகக் கறை படிவது நின்றது. நோய் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். அவர் பால்குடத்தோடு படியேறியபோது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடியே பின்னால் போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் இருமல் திரும்பியது. இந்த முறை கைக்குட்டையில் ரத்தம்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் இருந்த தமிழ் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெள்ளை மாத்திரைய விடல டாக்டர். சிவப்ப மட்டும்தான் விட்டேன். அந்தக் கூடு மாட்டு எலும்புல செய்றதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அத முழுங்கிட்டு எப்படி பால்குடம் தூக்குறது? அப்புறம் உடம்பு நல்லா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "முழிச்சிருக்கிற கிருமி சீக்கிரம் செத்துடும் அண்ணே. அதான் உடம்பு தேறிச்சு. ஆனா கொஞ்சம் கிருமி உள்ளுக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும். அதையும் கொல்றது அந்த சிவப்பு மாத்திரைதான். அத விட்டதுல தூங்கினது எந்திரிச்சிருச்சு. வெள்ளை மாத்திரையும் அதுக்கு இப்ப பழகிப்போச்சு, இனி வேலை செய்யாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ சாப்பிட வெச்சிருப்ப லா."

வைத்திருப்பேன்தான். வாயைத் திறந்து திணித்திருப்பேன், முருகனுக்கு நானே பதில் சொல்லியிருப்பேன். எலும்புக் கதை சொன்ன அந்த ஆபீஸ்காரர் மட்டும் அன்று என் கையில் கிடைத்திருந்தால் நார் நாராகக் கிழித்திருப்பேன்.

இரண்டாவது சிகிச்சை முதலாவதைப் போல் இல்லை. வேறு மருந்துகள், வார்டிலேயே நீண்ட காலம், தினமும் ஊசி. ஊசியால் காது கெடலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னார். ஊசி போடாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். இவர் வார்டு வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். "போடுங்க டாக்டர்" என்றார்.

சளியில் கிருமி இல்லை என்று ஒருநாள் சொன்னார்கள். ஆனால் மகள் கூப்பிட்டால் அவர் திரும்புவது குறைந்துகொண்டே வந்தது. காது எவ்வளவு போயிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும், சொல்ல மனம் வரவில்லை.

வீடு திரும்பிய பிறகு வந்த தைப்பூசத்தில் காவடி பார்க்க மூவரும் சாலையோரம் நின்றோம். முன்னால் கூட்டம், அதற்கு அப்பால் உறுமிக்காரர்கள். சத்தம் காதைப் பிளந்தது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இவர் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஏன் லா மேளத்த நிறுத்திட்டாங்க?"

தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கையால் காட்டினேன். சரியென்று தலையாட்டிவிட்டு, மேளம் மறுபடி தொடங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.