மேடைக்குக் கொடுக்காத அழுகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், அரிமளத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. கோயில் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே நாடகம் போடுவோம். பெண் வேடமும் ஆண்கள்தான் கட்ட வேண்டும். எனக்கு வாய்த்ததோ கீச்சுக் குரல். மற்ற நாளெல்லாம் கேலி செய்கிறவர்கள், வைகாசி பிறந்தால் என்னைப் புது மாப்பிள்ளை மாதிரி தாங்குவார்கள்.

அந்த வருடம் எனக்குக் கிடைத்தது, பிள்ளையைப் பறிகொடுத்துப் புலம்பும் தாய் வேடம். முந்தைய ஐப்பசியில்தான் என் சின்ன மகள் காய்ச்சலில் போயிருந்தாள். "அழுகைய ஒனக்குச் சொல்லியா தரணும்? தானா வரும்" என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. வீட்டில் நானும் மனைவியும் மகளின் பெயரையே எடுப்பதில்லை. இங்கேயாவது அழலாமே என்று இருந்தது.

பாட்டும் நடிப்பும் சொல்லித்தரப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு நாடக நடிகை வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வாத்தியாரம்மா என்று கூப்பிடுவோம். உச்சக் குரலில் கத்தினால்தான் பாட்டு என்று நினைத்திருந்த எங்களை, ஆர்மோனியத்தில் சுருதியை இறக்கிவைத்துப் பாடச் சொன்னார். "தொண்டையக் கிழிச்சுக்கிட்டு யாருங்க பாடச் சொன்னா? மூச்ச அடிவயித்துல வாங்குங்க" என்பார்.

ஒருநாள் மாலை ஒத்திகையில், இறந்த பிள்ளைக்குப் பதிலாகத் துணியைச் சுருட்டி என் மடியில் வைத்தார்கள். இரண்டாம் அடியிலேயே என் மகளின் முகம் வந்துவிட்டது. பாட்டு நின்றது, அழுகை நிற்கவில்லை. மூச்சு ஏறியதே தவிர இறங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் பிரமாதம் என்று கைதட்டினார்கள். வாத்தியாரம்மா மட்டும் ஓடிவந்து துணியை எடுத்து அப்பால் வைத்தார். உள்ளங்காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, மூச்சை மெல்ல வெளியே விட வைத்தார். முகம் கழுவச் செய்து, என் பெயரையும் ஊரையும் என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

பிறகு தனியே கூப்பிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"அண்ணே, ஒங்க புள்ளைய இங்கிட்டு கூட்டிட்டு வராதீங்க. இது கதையில வர்ற புள்ள. இதுக்கு அழ நான் சொல்லித் தாரேன். ஒங்க புள்ளைக்கு வீட்டுல போயி அழுங்க. அங்க ஒங்ககூட அழ ஒரு ஆளு இருக்காங்கல்ல? வேசமே வேணாம்னாலும் சொல்லுங்க, மாத்திர்றேன்."

கட்டுகிறேன் என்றேன். எந்த அடியில் தோள் குலுங்க வேண்டும், எங்கே குரல் உடைவதுபோல் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். ஒத்திகை முடிந்து முகம் கழுவி, சொந்தப் பெயரைச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார். அசுரன் வேடக்காரர் முனகிக்கொண்டேதான் சொல்வார்.

நாடகத்தன்று ஊரே அழுதது. நான் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன காட்சி என்று கேள்விப்பட்டதால் என் மனைவி மட்டும் வரவில்லை.

விடிந்து வீடு திரும்பியபோது அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம புள்ளைய நெனச்சா அங்க அழுதீங்க?"

"இல்ல" என்றேன்.

வாளியை வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்தாள். மகள் போனபின் முதன்முறையாக, அவள் பெயரைச் சொல்லி இருவரும் அழுதோம்.

கைதட்டலுக்குப் போயிருக்க வேண்டிய அந்த அழுகையை எங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய வாத்தியாரம்மாவை நினைக்காமல், இன்றுவரை என் மகளை நான் நினைத்ததில்லை.