மரக்காணத்தில் ஆடிய நாற்காலிகள்

2005 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரைக்குச் சென்னையில் புதுச்சேரி பஸ் ஏறினேன். மரக்காணத்துக்கு ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. முதல்நாள் லாரியில் அனுப்பிய மெஷின் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்குமா என்ற கவலை.

மெஷின் என்றால் ஒரு சிறிய அறை; உள்ளே பன்னிரண்டு நாற்காலிகள், எதிரே திரை. படத்துக்கு ஏற்றபடி நாற்காலிகள் குலுங்கும், முகத்தில் தண்ணீர் தெறிக்கும். சென்னையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஷாப்பிங் மால்களில் இதை வைத்த பிறகு மாடிக் கடைகளுக்கும் ஆள் ஏறியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் மரக்காணத்து உப்பள முதலாளி தேவராஜ் எங்களைக் கூப்பிட்டிருந்தார். அவர் கட்டிய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் பாதிக் கடைகள் ஷட்டர் திறக்காமலே கிடந்தன.

ஒன்பது மணிக்கு இறங்கியபோது உப்புக் குவியல்களின் வெள்ளையில் கண் கூசியது. தேவராஜ் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்.

"மெஷின் பத்திரமா வந்துடுச்சு சார். இது ஓடலைன்னா இருக்கிற நாலு கடைக்காரனும் காலி பண்ணிட்டுப் போயிடுவான்."

மாலை நான்கு மணிக்குத் திறப்பு. டிக்கெட் பதினைந்து ரூபாய். உப்பள வேலை முடித்து வந்தவர்கள், பக்கத்து ஊரான அனுமந்தையின் மீனவக் குடும்பங்கள் என்று வரிசை சாலைவரை நீண்டது. என்னிடம் இரண்டு படங்கள் இருந்தன: மலை ரயில், புயலில் சிக்கிய கப்பல். சென்னையில் கப்பலுக்குத்தான் கிராக்கி. யோசிக்காமல் அதையே போட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஒரு நிமிடத்தில் உள்ளே கூச்சல். தேவராஜ் என் தோளைத் தட்டினார். "கேட்டீங்களா சார்? சூப்பர் ஹிட்டு!" நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் யாரோ உள்ளிருந்து கதவை அறையும் சத்தம்.

கரண்டை நிறுத்திவிட்டுத் திறந்தேன். முகமெல்லாம் தண்ணீராக ஒரு பெண் வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த கணவன் என் சட்டையைப் பிடித்தான்.

"ஏம்பா, அறிவு இருக்குதா? சுனாமில இவ தங்கச்சியப் பறிகொடுத்துட்டு நிக்கிறோம். தண்ணியக் காட்டி விளையாடுறீங்களா?"

"தோணலைங்க" என்றேன். தோன்றியிருக்க வேண்டும். வழியெல்லாம் குடிசை போன இடங்களில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டுதானே வந்தேன்.

கப்பல் படத்தை எடுத்துப் பையில் போட்டேன். தேவராஜ் என்னைத் தனியே இழுத்தார். "மத்தவங்க ரசிச்சாங்க சார். கூட்டம் கலைஞ்சா மறுபடி வராது."

"இந்தப் படம் ஓடாதுங்க. வேணும்னா மெஷினையே திருப்பி ஏத்திடறேன்." சொல்லிவிட்டேனே தவிர, ஆபீசில் இதற்கு என்னைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பெண்தான் எழுந்து வந்தாள். "இன்னொரு படம் இருக்குதாமே? தண்ணி வராதுல்ல?"

"வராதும்மா. மலை ரயில்."

"அதப் போடுங்க. புள்ளைங்க ஆசையா நிக்குதுங்க. ஆனா கதவைச் சாத்தாதீங்க."

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மலை ரயிலை ஓட்டினேன். அவள் உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி கடைசிவரை பார்த்தாள். கூட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் மாடியில் கூல்டிரிங்க்ஸ் கடைக்காரர் ஏழு மணிக்கே சரக்குத் தீர்ந்துவிட்டதென்று சொல்லிவிட்டுப் போனார். தேவராஜ் மெஷினைத் திருப்பி அனுப்பவில்லை. என்னை வழியனுப்ப மட்டும் வரவில்லை.

ஞாயிறு பகல் பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் சென்னை மாலில் எங்கள் மெஷினின் கதவில் ஓர் ஆள் முகம் தெரியும் அளவுக்கு ஓட்டை போட்டுக் கண்ணாடி வைக்கச் சொன்னேன். எதற்கு என்று மேனேஜர் கேட்டார்.

"உள்ளே கத்துறவங்க சிரிக்கிறாங்களான்னு வெளியே நிக்கிறவனுக்குத் தெரியணும் சார்" என்றேன்.