கூரை வேலைக்கு வந்தவர்களுக்கு மீன்குழம்பு

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து என் சித்தியின் மகள். சண்டை நடந்த இடத்திலிருந்து வெளியே வந்த சனத்தோடு என் தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், முகாமில் இருக்கிறார்கள் என்றாள். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"அவன் பின்னால வாறன் எண்டு சொன்னவனாம், அக்கா. இன்னும் வரேல்லை."

"எங்க நிண்டு சொன்னவன்?"

"தெரியாதக்கா. நான் பிறகு எடுக்கிறன்."

அதன்பிறகு எத்தனை முறை எடுத்தும் அவள் தொலைபேசியைத் தூக்கவில்லை.

அந்த நேரத்தில் என் கணவர் கூரையில் நின்றார். டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. முன்பக்க ஓடுகளை விடியவே கழற்றி இறக்கிவிட்டார். உக்கிய மரச்சட்டங்களையும் பிடுங்கிவிட்டார். உதவிக்கு வருவதாகச் சொன்ன எங்கள் கோயில் ஆட்கள் எல்லாரும் போரை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கொப்பன்ஹேகனுக்குப் பேருந்தில் போய்விட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. என் மகளும் போகக் கேட்டாள். நான் விடவில்லை. பேருந்து கவிழும், பொலிஸ் தள்ளும், சனத்துக்குள் அவள் தவறிப்போவாள் என்று என் மனம் என்னென்னவோ சொன்னது. பின்னேரம் மழை என்று வானொலி சொன்னது. திறந்த கூரையின் கீழே, கையில் தொலைபேசியோடு நின்று, "இறங்குங்கோ, விழுந்திடுவியள்" என்று கத்துவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். என் கணவரோடு ஒரே களஞ்சியத்தில் வேலை செய்பவர், மொரோக்கோவின் வடக்கே மலைப்பக்கத்து ஆள். நாங்கள் ஆரம்பத்தில் அவரை அரபுக்காரர் என்று நினைத்திருந்தோம். "அரபு இல்லை, அமாசிக்" என்று திருத்தியவர். என் மகள் டேனிஷில் மாமாவைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்துத் தன் மொழியில் நாலைந்து பேரோடு கதைத்தார்.

"துவீசா கூப்பிட்டிருக்கிறேன்" என்றார்.

என்னவென்று மகள் கேட்டாள். அவர்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் கூரை போடவோ, ஒரு வயல் அறுக்கவோ ஆள் தேவை என்றால், வீட்டுக்கு ஒருவர் வந்துவிடுவார்களாம். கூலி கிடையாது. நாளை இன்னொருவர் வீட்டில் தேவை வரும், அப்போது இவர்கள் போக வேண்டும். இப்போது ஊரில் இளம்பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவருக்கு நிறம் பூசவும் துவீசா கூப்பிடுகிறார்களாம். இங்கே வீடு மாறுவதென்றால், பிள்ளை பிறந்த வீட்டில் மூத்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கும்.

"ஒரே ஒரு கட்டாயம்" என்று என்னைப் பார்த்தார். "சாப்பாடு வேலை நடக்கிற வீட்டில்தான். அந்த வீட்டு அடுப்பில் சமைத்தது. வெளியே வாங்கினால் எங்கள் ஆட்களுக்கு அது கூலி மாதிரி."

என்ன நிலையில் என்னிடம் சமைக்கச் சொல்கிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு எதுவோ விளங்கினது போல உறைபெட்டியைத் திறந்தேன். எங்களிடம் இருந்த கோழி ஹலால் இல்லை, அவர்கள் சாப்பிட மாட்டார்கள். பாரை மீன் இருந்தது. எடுத்து வெளியே வைத்தேன். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, மீனும் காய்ச்ச மாட்டோம். அப்படியானால் இது செத்த வீடில்லை. அன்று என் தலை இப்படித்தான் கணக்குப் பார்த்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு கார், ஒரு வான், மரச்சட்டங்கள், ஒரு பெரிய நீலத் தறப்பாள். அவர்களுக்குள் வயதானவருக்கு உயரம் பயம் போலிருந்தது, ஏணியைப் பிடிக்க விட்டார்கள். "அவர் ஏணியைப் பிடிக்கவில்லை, ஏணிதான் அவரைப் பிடிக்கிறது" என்று மேலிருந்து ஒருவர் டேனிஷில் கத்த, கூரை முழுக்கச் சிரிப்பு. என் கணவர் சட்டம் அறுப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "அது பாண் இல்லை, கொஞ்சம் அழுத்து" என்றார். கிழமைக்கணக்காகச் சிரிக்காத என் கணவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கக் கூடாத ஒன்றைப் போல இருந்தது, ஆனாலும் நிற்காமல் கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

மத்தியானம் எங்கள் கோயிலுக்கு வரும் சிநேகிதி ஒருத்தி, என்னைவிட இளையவள், பேருந்தில் போகாமல் நின்றவள், பெரிய பானையோடு பின்கதவால் வந்தாள்.

"என்னது?"

"சோறும் பருப்பும், கத்தரிக்காயும். நீங்கள் ஒண்டும் சமைக்க வேண்டாமக்கா."

மரக்கறி மட்டும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவளையும் பார்த்தேன்.

"ஆர் செத்தது எண்டு இதைக் கொண்டு வந்தனீ?"

"ஐயோ அக்கா, நான் சும்மா…"

"அடுப்பில மீன் கொதிக்குது, தெரியேல்லையோ? கொண்டு போ."

அவள் அழுதபடி பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். என்ன கேள்விப்பட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவே புளியைக் கரைத்தேன், உப்புப் பார்த்தேன், இன்னொரு சட்டி சோறு வைத்தேன். மகள் குசினி வாசலில் நின்று டேனிஷில், "அம்மா, அவ ஏன் அழுறா?" என்றாள். "சோத்துக் கோப்பைகளை எடு" என்றேன்.

மழைக்கு முன்னே சட்டங்கள் ஏறிவிட்டன. மிச்ச ஓடுகளை அடுத்த சனிக்கிழமை போடலாம் என்று தறப்பாளை இழுத்துக் கட்டினார்கள். கை கழுவிவிட்டு முற்றத்துப் புல்லில் வட்டமாக இருந்தார்கள். நான் பரிமாறினேன். உறைப்பில் வயதானவருக்குக் கண்ணீர் வந்தது. மற்றவர்கள் அவரைக் கேலி செய்ய, அவர் கோப்பையை மறுபடி நீட்டினார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு அகப்பைக்கும் எனக்குள் ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் தாங்கும் போல இருந்தது.

அப்போதுதான் ஹேர்னிங்கில் இருக்கும் என் மூத்த அண்ணையின் கார் வந்து நின்றது. அண்ணை சொல்லாமல் வருகிற ஆள் அல்ல. எங்களில் சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்வதில்லை, உரித்தான ஒருவர் நேரே வந்துதான் சொல்வார். சித்தியின் மகள் ஏன் தொலைபேசியைத் தூக்கவில்லை, சிநேகிதி ஏன் மரக்கறி கொண்டுவந்தாள் என்று, அவர் கார்க் கதவைச் சாத்துவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். புல்லில் இருந்தவர்கள் தள்ளியிருந்து அவருக்கும் இடம்விட்டார்கள். ஒருவர் ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

அண்ணை இருக்கவில்லை. வந்தவர்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், குசினி யன்னலால் தெரிந்த பானையைப் பார்த்தார். அவருடைய கண் சிவந்திருந்தது. கிட்ட வந்து என் தோளில் கை வைத்து, மெல்லத் தமிழில் சொன்னார்:

"அவையள் சாப்பிட்டு முடிக்கட்டும், பிள்ளை. அதுக்குப் பிறகு அடுப்பை நிப்பாட்டு."